பவர் கட் ஆனாலும் ஓடுகிற பவர் எழுதுவது எப்படி?

திருப்பூர் வேலம்பாளையத்தில் யாராவது ‘பவர்’ என்று சொன்னால், எந்தப் பவர் என்று கேட்டுக்கொள்வது நல்லது. எட்டுத் தையல் மெஷினை வரிசையாகப் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவர் இங்கே பவர் டேபிள்காரர். அந்த மெஷினை ஓட்டுகிற கரண்டும் பவர்தான். மூன்றாவதாக ஒன்று உண்டு. முத்திரைத்தாளில் எழுதி, சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைத்து, ‘எனக்குப் பதில் இவரே எல்லாம் செய்துகொள்ளலாம்’ என்று இன்னொருவர் கையில் ஒப்படைப்பது. “அண்ணன் தம்பிக்குப் பவரக் குடுத்துப்போட்டாருங்க” என்று டீக்கடையில் காதில் விழுந்தால் அது இந்த மூன்றாவது பவர். மெஷினைத்தான் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, மாத வாடகை எவ்வளவு என்று விசாரித்து மூக்குடைபட்டவன் நான்.

இந்த வழிகாட்டி அந்த மூன்றாவது பவரைப் பற்றியது. வயதான காலத்தில் ஞாபகம் தப்பிய பிறகு நமக்காக பேங்குக்கும் பத்திர ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடக்க ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்து வைப்பது எப்படி என்று இதில் சொல்லித் தருகிறேன். எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன். சட்டம் படித்ததில்லை. ஆனால் பத்திர விஷயத்தில் யோசனை சொல்ல இந்த ஊரில் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, டீக்கடை பெஞ்சில் ஓரமாக இடம் கிடைத்தால் போதும். என் யோசனைப்படி நடந்தவர்களில் ஒருவர்கூட இதுவரை புகார் சொன்னதில்லை. சிலருக்கு இப்போது பேச்சு வருவதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் நாள் குறியுங்கள்

எந்த நல்ல காரியத்துக்கும் நாள் முக்கியம். பவரோ உயிலோ எழுத உகந்த நாள், இன்று இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஷிப்மென்ட் நெருக்கும். அறுபத்திரண்டில் சின்னவள் கல்யாணம். அறுபத்தேழில் “இப்ப நல்லாத்தானுங்க இருக்கறோம், இப்பப் போயி எதுக்குங்க” என்று தோன்றும். எழுபதில் எழுதலாம் என்று கிளம்பினால் அது ஆடி மாசமாக இருக்கும். உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்பது தெரிந்த விஷயம். எழுதாமல் விட்ட நம் பாட்டன்மார் எல்லோரும் இன்னும் உயிரோடு இருப்பதே அதற்குச் சாட்சி.

ஆகவே பொறுத்திருங்கள். பத்து வருஷம் முன்னால் மூடிவிட்ட கம்பெனிக்குப் போன் போட்டு “கட்டிங் முடிஞ்சுதா?” என்று அப்பா கேட்கிற நாள் வரும். பேரனைத் தன் தம்பி பேர் சொல்லிக் கூப்பிடுவார். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் இன்னும் சோறு போடவில்லை என்று வீட்டுக்கு வந்த ஒறம்பரை முன்னால் மருமகளைக் குறை சொல்லுவார். “வயசாச்சுல்லங்க” என்று இதைத் தாண்டிப் போவது குடும்ப வழக்கம். இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் நோயின் பெயர் ‘வயசாச்சுல்லங்க’ என்றுதான் இருக்கும்.

பிறகு ஒரு நாள் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டுவார். குடும்பமே விழித்துக்கொண்டு “அப்பாகிட்ட ஒரு பவர எழுதி வாங்கிரலாம்” என்று முடிவெடுப்பது அன்றைக்குத்தான். சட்டப்படி எழுதிக் கொடுக்க அவருக்குத் தகுதி போய்விடுவதும் அன்றைக்குள்தான். தெளிந்த புத்தியோடு எழுதினால்தான் பவரும் செல்லும், உயிலும் செல்லும், செட்டில்மென்ட்டும் செல்லும். நாள் பார்ப்பதில் நமக்கு நிகர் நாமே.

ஏஜென்ட் தேர்வு

பவரைப் பெறுகிறவரை ஏஜென்ட் என்பார்கள். யாரைப் போடுவது? வீட்டில் சத்தமாகப் பேசுகிறவர் யாரோ அவரை. பெரும்பாலும் மூத்த பையன். அவன் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் விசேஷம், தூரத்தில் இருப்பவன்மேல் பாசம் கூடும். அவன் இல்லையென்றால் மாப்பிள்ளை. மாப்பிள்ளை கேட்டுவிட்டார் என்றால் மறுக்க முடியாது.

மகளைப் பற்றி யோசிக்க வேண்டாம். அவள்தான் காலை மாத்திரை எது, ராத்திரி மாத்திரை எது என்று தெரிந்தவள். அப்பாவின் பாஸ்புக் எந்தப் பெட்டியில் எந்தச் சேலைக்கு அடியில் இருக்கிறது என்பதும் அவளுக்குத்தான் தெரியும். சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் சட்டம் வந்தாயிற்று. இருக்கட்டும். மாத்திரை டப்பாவின் பவர் அவளிடம், பத்திரத்தின் பவர் அவனிடம் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

வெளி ஆள் ஒருவர் நல்லவராக, கணக்கு வழக்கில் சுத்தமாக இருக்கிறார் என்று அவரைப் போட நினைத்தால் அரசாங்கமே தடுத்துவிடும். குடும்பத்தார் அல்லாதவருக்குச் சொத்தை விற்கும் பொது அதிகாரம் கொடுக்க முன்பு பதிவுக் கட்டணம் பத்தாயிரம் ரூபாய். 2023 ஜூலை 10 முதல் அது சொத்தின் சந்தை மதிப்பில் ஒரு விழுக்காடு. குடும்பத்துக்குள் கொடுத்தால் செலவு கம்மி. ரத்த பந்தத்தின்மேல் பதிவுத் துறைக்கு இருக்கிற நம்பிக்கை, ரத்த பந்தங்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்தால் கோர்ட்டில் கூட்டம் குறையும்.

பத்திரத்தில் என்ன எழுதுவது

எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் பக்கம் பத்திரம் எழுதுகிறவர் முதல் வரியில் ஆரம்பித்தால் மூச்சு விடாமல், சொத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் வாடகைக்கு விடவும் வாடகை வசூலிக்கவும் காலி செய்யவும் வழக்கு போடவும் போட்ட வழக்கை வாபஸ் வாங்கவும் வக்கீல் வைக்கவும் வக்கீலை மாற்றவும் என்று எழுதிக்கொண்டே போவார். நடுவில் மறக்காமல் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ‘எனது புத்தி சுவாதீனம் தவறிய போதிலும் இந்தப் பவர் தொடர்ந்து அமலில் இருக்கும்.’ பார்க்க கம்பீரமாக இருக்கும். கூடுதலாக ‘ரத்து செய்ய முடியாதது’ என்றும் போட்டுக்கொள்ளலாம்.

தாள் சொன்னபடி கேட்கும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுதான் கேட்காது. பவர் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ ஏஜென்சி முடிந்தது என்று 1872-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக அந்த வரி அப்படியே இருக்கிறது. 202-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஏஜென்ட்டுக்கே அந்தச் சொத்தில் சொந்தமாக ஒரு உரிமை இருந்தால், அதற்குப் பாதகமாக முறிக்க முடியாது. கடனுக்கு ஈடாகக் கொடுத்த பவர் மாதிரி. அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகப் பையன் வாங்கிய பவருக்கு அது பொருந்தாது. பார்த்துக்கொள்வது உரிமையாக இருந்தால் அல்லவா.

ஆக, நம் பவர் எப்படி என்றால், அப்பா தெளிவாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு தானே கையெழுத்துப் போடக்கூடிய காலம் வரை நன்றாக ஓடும். அவரால் முடியவில்லை என்ற நிமிஷத்தில் நின்றுவிடும். 2012-ல் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது இந்த ஊரில் பவர் டேபிள் போட்டவர்கள் எல்லாம் கடனை வாங்கி ஜெனரேட்டர் வைத்தார்கள். கரண்ட் இருக்கும்போது மட்டும் ஓடி, கரண்ட் போனதும் தானும் நின்றுவிடுகிற ஜெனரேட்டரை யாராவது விற்க வந்திருந்தால் கம்பெனி வாசலிலேயே கட்டி வைத்திருப்போம். அதே சாமானைத்தான் சட்டம் தந்திருக்கிறது, ரேகை வைத்து வாங்கிக்கொள்கிறோம்.

கரண்ட் போனாலும் ஓடுகிற ஜெனரேட்டர் வேறு தேசங்களில் கிடைக்கிறது. நமக்கு 1872-ல் இந்தச் சட்டத்தைத் தைத்துக் கொடுத்த இங்கிலாந்துக்காரர்களிடமும் அதே விதிதான் இருந்தது. அளவு பிடிக்கிறது என்று 1985-ல் பிரித்துத் தைத்தார்கள். அப்போதும் சரியாக உட்காரவில்லை, 2005-ல் மறுபடி பிரித்து ‘லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2007 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நிலைத்த பவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதில் இரண்டு தாள். ஒன்று சொத்து, பணம் பற்றியது. இன்னொன்று உடம்பு, வைத்தியம், தங்குமிடம் பற்றியது. இரண்டாவதை ஆள் தெளிவாக இருக்கும்வரை தொடவே முடியாது. கொடுப்பவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது, யாரும் மிரட்டி வாங்கவில்லை என்று மூன்றாவது ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் பதிவான பிறகுதான் பவருக்கு உயிர் வரும். ஏஜென்ட் திருடினால் பிடுங்கிக்கொள்ள தனிக் கோர்ட் உண்டு. சிங்கப்பூரிலும் 2010 முதல் இதே ஏற்பாடு இருக்கிறது, அங்கே செட்டில் ஆன நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த இங்கிலாந்துச் சட்டத்தின் முதல் பிரிவில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. ஒருவர் எடுக்கிற முடிவு முட்டாள்தனமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அவருக்குப் புத்தி சரியில்லை என்று கொள்ளக்கூடாதாம். இது வேலம்பாளையத்தில் அமலுக்கு வந்தால் பெரிய தொந்தரவு. கடைசிப் பெண்ணுக்கு ரெண்டு சென்ட் எழுதி வைத்த அன்றைக்கு “அப்பனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்க” என்று மூத்தவன் எதை வைத்துச் சொல்லுவான்?

இங்கிலாந்துக்காரனுக்கு எந்த அளவில் டீ-ஷர்ட் வேண்டும் என்று அரை சென்டிமீட்டர் பிசகாமல் நமக்குத் தெரியும். தோள் கொஞ்சம் தள்ளிப்போனாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். அவன் கழற்றிப் போட்ட பழைய சட்டையை மட்டும் நாம் இன்னும் செக்கிங் பண்ணாமல் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

உயிர்ச் சான்று வாங்குவது

இந்த இடத்தில் என் மாமனார் கதையைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பவர் டேபிள் வைத்திருந்தவர். கணக்கில் கெட்டிக்காரர், டஜன் கணக்கில்தான் எதையும் நினைப்பார். பேரன் எத்தனை மார்க் என்று கேட்டால்கூட ஏழு டஜன் என்றுதான் சொல்லத் தோன்றும் அவருக்கு. அறுபத்தொன்பதாவது வயதில் ஒரு சைட்டை விற்பதற்காக என் மச்சினனுக்குப் பவர் கொடுத்தார். விலை படியவில்லை, பத்திரம் பீரோவில் இருந்தது. மூன்று வருஷம் கழித்துப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சும் கொஞ்சம் திரும்பியது. கணக்கு திரும்பவில்லை.

வைத்தியச் செலவுக்கு அந்த சைட்டை விற்கலாம் என்று மச்சினன் பழைய பவரை எடுத்தான். நான்தான் யோசனை சொன்னேன். பவரை வைத்துப் பத்திரம் போடும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் சான்று வாங்கித் தர வேண்டும். செத்தவர் பேரில் சொத்தை விற்ற புண்ணியவான்களால் வந்த நல்ல ஏற்பாடு அது. டாக்டர் வந்தார், நாடி பிடித்தார், எழுதிக் கொடுத்தார். உயிர் இருக்கிறதா என்று அந்தத் தாள் கேட்டது, இருந்தது. புத்தி இருக்கிறதா என்று அது கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எல்லாம் பொருந்திவிட்டது.

வாங்க வந்தவர் பல்லடம் பக்கத்து ஆள், பழைய காலத்து மனுஷர். “பவர் இருக்கட்டுமுங்க, பெரியவர ஒருக்கா பாத்துட்டு முன்பணம் குடுக்கறனுங்க” என்று வீட்டுக்கே வந்துவிட்டார். மாமனார் அவரை உட்காரச் சொன்னார். காப்பி கொண்டு வரச் சொன்னார். நாங்கள் மூச்சு விட்டோம். பிறகு மரியாதையாக முன்னால் குனிந்து கேட்டார்: “ஏனுங் மாஸ்டர், அந்த நாப்பது டஜன் கட்டிங் எப்ப முடிப்பீங்க?”

வந்தவர் காப்பியைக் குடித்து முடித்தார். “சீக்கிரமே முடிச்சுப்போடறனுங்க” என்று அவருக்கும் பதில் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போது மச்சினனிடம், “தம்பி, இது ஆகாதுங்க” என்றார். இந்த விஷயத்தில் எங்கள் யாரைக் காட்டிலும் சட்டம் தெரிந்தவர் அவர்தான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த வியாபாரம் நடந்திருந்தால் பின்னால் யார் வேண்டுமானாலும் கோர்ட்டில் அதை உடைத்திருக்கலாம். பவர் நின்றுபோனால் ஏஜென்ட்டுக்கு மிஞ்சுவது 209-வது பிரிவு. கொடுத்தவருக்குப் புத்தி தவறினால், ஒப்படைத்த சொத்தைக் கெடாமல் பாதுகாக்கிற காரியங்களை ஏஜென்ட் செய்ய வேண்டும் என்கிறது அது. சைட்டுக்கு வேலி போடலாம். விற்க முடியாது.

பவர் இல்லாமல் குடும்பம் நடத்துவது

இதற்குப் பயிற்சி தேவையில்லை, ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். அப்பாவின் போன் பேரனிடம் இருக்கிறது. பின் நம்பர் அப்பாவின் பிறந்த வருஷம், அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஓடிபி வந்தால் சமையலறையிலிருந்து சத்தமாகப் படித்துச் சொல்வார்கள். முத்திரைத்தாள் இல்லாமல், சாட்சி இல்லாமல், கட்டணம் இல்லாமல், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன் உங்கள் பவர் ஏஜென்ட் ஆகி ரெண்டு வருஷம் ஆகிறது.

செக் புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிற வழக்கமும் உண்டு. என்ன தேதி, எவ்வளவு தொகை என்று கேட்காத கையெழுத்துகள். இதை நான் சிபாரிசு செய்யவில்லை என்று எழுதச் சொல்லி என் மகள் பக்கத்தில் நிற்கிறாள். எழுதிவிட்டேன்.

சுத்தமான வழிகளும் சில இருக்கின்றன, ஆனால் அவற்றில் சுவாரசியம் கிடையாது. கணவன் மனைவி இருவர் பேரிலும் கணக்கை வைத்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒருவர் படுத்தாலும் மற்றவர் எடுக்கலாம். நாமினி போட்டிருக்கிறோம், போதாதா என்பீர்கள். நாமினி என்பவர் நீங்கள் போன பிறகு வருகிறவர். நீங்கள் இருந்துகொண்டே இல்லாமல் இருக்கிற காலத்துக்கு அவர் உதவமாட்டார். 2025 நவம்பர் முதல் பேங்க் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். நாலு பேரும் வரிசையில் நிற்பார்கள், கவுண்டர் திறக்காது.

படுத்த படுக்கையாகி, கையெழுத்தும் போட முடியாமல், கையும் தூக்க முடியாமல் போனால் ரிசர்வ் வங்கி ஒரு வழி சொல்லியிருக்கிறது. கைவிரல் ரேகை வைக்க முடியாதவர் கால் விரல் ரேகை வைக்கலாம். இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், மனிதாபிமானமான விதி இது. ஆனால் அதுவும் உடம்பு முடியாதவருக்குத்தான். காலை நீட்டுவதற்கும், எதற்கு நீட்டுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

டிரஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. 1882-ம் வருஷத்துச் சட்டம். சொத்தைத் தனி டிரஸ்ட்டில் வைத்து, என்னையும் என் மனைவியையும் கடைசிவரை பார்த்துக்கொண்டு மிச்சத்தை இன்னாருக்குக் கொடு என்று எழுதி வைத்தால், எழுதினவர் புத்தி மாறினாலும் டிரஸ்டி தொடர்ந்து நடத்தலாம். நம் நாட்டில் நிலைத்த பவருக்குக் கிட்டத்தட்ட வருவது இதுதான். கொஞ்சம் செலவாகும், நல்ல வக்கீல் வேண்டும். இந்த யோசனையை டீக்கடையில் சொன்னேன். “எந்தக் கோயிலுக்குங்க?” என்று கேட்டார்கள்.

எதுவும் எழுதாதவர்கள் சேரன் எக்ஸ்பிரஸ் பிடிக்கும் முறை

ஒன்றும் எழுதி வைக்காமல் ஆள் நினைவு தப்பிவிட்டால், சட்டப்படி காப்பாளர் ஆவதற்குக் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். நமக்குச் சென்னை. திருப்பூரில் ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் இறங்கலாம். ஏன் அவ்வளவு தூரம்? மனவளர்ச்சி குன்றியவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் முதலியோருக்குக் காப்பாளர் போட 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் உண்டு. கோமாவில் விழுந்த பனியன் கம்பெனி முதலாளி அதில் வரமாட்டார். 1987-ம் வருஷத்து மனநலச் சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் போட மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. 2017-ல் புதுச் சட்டம் எழுதினார்கள், நோயாளியின் உரிமைகளை நிறையச் சேர்த்தார்கள், சொத்துப் பகுதியை மட்டும் மறந்தோ துறந்தோ விட்டுவிட்டார்கள்.

எனவே கைவிடப்பட்டவர்களுக்கு அரசே பெற்றோர் என்ற பழைய தத்துவத்தின்படி உயர் நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தில் காப்பாளரை நியமிக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் கோமா நோயாளிகளுக்காக இதற்கு நெறிமுறையே வகுத்தது. டாக்டர்கள் குழு பார்க்க வேண்டும், வருவாய்த் துறை விசாரிக்க வேண்டும், காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குச் சொல்ல வேண்டும். சென்னையில் 2024-ல் ஒரு பெண்மணி, கோமாவில் இருந்த கணவருக்கு வைத்தியம் பார்க்க அவர் சொத்தை விற்கக் காப்பாளராக்கும்படி கேட்டார். தனி நீதிபதி, சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அந்த அம்மாவையே காப்பாளராக நியமித்தது. கணவர் பேரில் 50 லட்சத்தை வைப்பு நிதியாகப் போட்டுவிட்டு மீதியை நடத்தலாம் என்றது. படுக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு மனைவி, பிள்ளைகள் என்ன படுவார்கள் என்று தெரிந்து எழுதிய தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. ஒவ்வொரு வேலம்பாளையத்துக் குடும்பமும் தனித்தனியே ரயில் ஏறி வாங்க வேண்டிய நல்ல தீர்ப்பு.

மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுவது

இவ்வளவு தொல்லை எதற்கு, சொத்தையே பையன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று பலர் கேட்கிறார்கள். மிகச் சுலபம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடு, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. ரெண்டு கோடிச் சொத்தை ஐம்பதாயிரத்தில் கை மாற்றலாம். பிறகு முன் ரூமிலிருந்து பின் ரூமுக்கு நீங்கள் மாறுவதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது.

மனம் மாறினால் 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் வாங்கிப் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். ஒரே சிக்கல், நிபந்தனையைப் பத்திரத்தில் எழுத நாம் கூச்சப்படுவோம். “பையனப் போயி சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருமுங்க.” நிபந்தனை எங்கே என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் கேட்டுவிட்டது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இந்தச் சட்டத்தைப் பெரியவர்கள் பக்கம் நின்று படிக்க வேண்டும் என்றது. அந்த மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் வழக்கில், அன்பினால் எழுதிக் கொடுத்தேன் என்றாலே பார்த்துக்கொள்வான் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் அடங்கியிருக்கிறது என்றது. எழுத்தில் இல்லாததை நீதிபதி படித்துக்கொள்வார் என்று நம்பியும் இருக்கலாம். இல்லையென்றால் ஒரு வரி எழுதலாம். கூச்சத்துக்கு அளவு ஒரு வரி.

உடம்புக்கு

சொத்துக்குத்தான் இவ்வளவு இழுபறி. உடம்பு விஷயத்தில் நம் சட்டம் ஆச்சரியமாக முன்னால் போய்விட்டது. மீள வழியில்லாத நிலையில் என்னை மெஷினில் கட்டி வைக்காதீர்கள் என்று லிவிங் வில் எழுதலாம் என 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றார்கள், எழுதத் துணிந்தவர்களும் சோர்ந்துபோனார்கள். 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகள் முன்னால் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும் என்றாக்கினார்கள். நமக்காக முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் பேர் சொல்லிக் குறிக்கலாம். ஒரு நகலை மாநகராட்சியில் கொடுத்து வைக்க வேண்டும். மனநல வைத்தியத்துக்கு நமக்காகப் பேசும் பிரதிநிதியை வெள்ளைத் தாளில் எழுதியே நியமிக்கலாம் என்கிறது 2017-ம் வருஷத்துச் சட்டம். அதாவது உங்கள் மூச்சை நிறுத்துவது பற்றி உங்கள் மகள் பேசலாம். அந்த ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட உங்கள் டெபாசிட்டை உடைப்பது பற்றி அவள் பேச முடியாது.

சாட்சிகள்

கடைசியாக, ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தானும் செய்ய வேண்டும் என்று மனைவி போட்ட போட்டில், போன தை மாசம் என் உயிலையும் லிவிங் வில்லையும் தட்டச்சு செய்து வாங்கிவிட்டேன். அவள் பேரைக் கணக்கில் சேர்த்தாயிற்று. மகள் பேரையும் எழுதியாயிற்று. இரண்டு சாட்சி பாக்கி.

டீக்கடை நண்பர்கள் இருவர் உடனே எழுந்துவிட்டார்கள். ஒருவருக்கு எழுபத்து நாலு, இன்னொருவருக்கு இருதயத்தில் ரெண்டு ஸ்டென்ட். உயிலுக்கு வழக்கு வந்தால், போட்ட சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறி, ஆமாம் நான் பார்க்கத்தான் இவர் கையெழுத்துப் போட்டார் என்று சொல்ல வேண்டும். “அதுக்கு சாட்சி உசுரோட இருக்கோணுமுங்களே” என்றார் பத்திரம் எழுதுகிறவர். “உங்களுக்கு இருவது வயசு எளைய ஆளாப் பாருங்க.”

வேலம்பாளையத்தில் இளைய ஆள் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நண்பர்களின் பிள்ளைகள் பெங்களூரு, துபாய். எங்கள் வீதியில் இளமையாக இருப்பவர்கள் எல்லோரும் மூன்றாவது வீட்டு மாடியில் தங்கி ஓவர்லாக் ஓட்டுகிற பிகார் பையன்கள். அதில் ஒருவன் நல்லவன், ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறான், என்னை அண்ணா என்பான், தமிழில் பேரம் பேசுவான். வயது இருபத்து நாலு. விஷயத்தைச் சொன்னேன். உடனே சம்மதித்தான். ஆதார் அட்டையை எடுக்க ரூமுக்குள் ஓடினான்.

“இருப்பா,” என்றேன். “இந்த ஊர்ல இன்னும் எத்தன நாள் இருப்ப?”

அவன் யோசித்தான். “சட் பூஜை வரைக்கும் இருக்கேன் அண்ணா.”